1ஏ வாங்கியா, 2ஏ வாங்கியா: மேற்பட்டையில் செரோட்டோனின்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். மூதூரிலிருந்து வரும் பிள்ளையும் நிலாவெளியிலிருந்து வரும் பிள்ளையும் செரோட்டோனினுக்கு ஒரே விளக்கம்தான் சொல்கிறார்கள்: மகிழ்ச்சி ஓமோன். மூளைய மேற்பட்டைக்குள், அதாவது மூளையின் வெளிப்படைக்குள், போய்ப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. அங்கே ஒரு நரம்புக்கலம் தூண்டப்படுமா, அடங்குமா என்பது கலத்தில் செரோட்டோனினைப் பிடிக்கும் புரதமான வாங்கியைப் பொறுத்தது. வாங்கிகளோ 7 குடும்பங்களில் 14 வகை. அதில் நேருக்கு நேர் மோதுபவை 1ஏ, 2ஏ இரண்டும்.

1ஏ விளங்கச் சுலபமானது. செரோட்டோனின் வந்து சேர்ந்ததும் பொற்றாசியம் கால்வாய்கள் திறக்கும், பொற்றாசியம் வெளியேறும், கலத்தின் உட்புறம் இன்னும் மறையேற்றம் பெறும். கணத்தாக்கம், அதாவது கலம் அனுப்பும் மின் துடிப்பு, பிறப்பது கடினமாகிவிடும்.

2ஏ அப்படி நேராகப் போவதில்லை, எனக்கு அதிகம் பிடித்ததும் இதுதான். கலத்துக்குள் பொஸ்போலிப்பேசு சி நொதியை முடுக்கி, சில பொற்றாசியம் ஓட்டங்களைக் குறைக்கிறது. பெரும்பாலும் இது தானாகக் கலத்தில் கணத்தாக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் வேறு கலங்களிலிருந்து தூண்டும் பதார்த்தமான குளுத்தமேற்று கொண்டுவரும் செய்திக்குக் கலம் கூடுதலாகப் பதில் சொல்லும், கணத்தாக்கங்கள் தொடர்ந்து வரும். எல்எஸ்டி போன்ற பொருட்கள் புலனுணர்வைக் குழப்புவது முக்கியமாக இந்த வாங்கி வழியாகத்தான். உளப்பிணிக்குக் கொடுக்கும் குளோசப்பின், ரிஸ்பெரிடோன் இரண்டும் இதைத் தடுக்கின்றன.

சரி, இரண்டும் ஒரே கலத்தில் இருந்தால்? மேற்பட்டையின் 5ஆம் படையிலுள்ள கூம்பகக் கலங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கின்றன. முதலில் ஓர் அடக்கம், அதன் பின் நீண்ட தூண்டல் என்று இரண்டு கட்டமாகவும் பதில் வரும். 2012இல் எலிகளின் மேற்பட்டையின் முன்பகுதியில் செய்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. மூளையின் மற்ற அரைக்கோளத்துக்குச் செய்தி அனுப்பும் கலங்களில் பலவற்றைச் செரோட்டோனின் தூண்டியது. மூளைத்தண்டை நோக்கி அனுப்பும் கலங்களை அடக்கியது. ஒரே படை, ஒரே பதார்த்தம், எதிரெதிர் விளைவு!

3ஆம் குடும்ப வாங்கி இந்தப் போட்டிக்கு வெளியே நிற்கிறது. அதுவே ஓர் அயன் கால்வாய், உடனே திறந்துவிடும். அது இருப்பது பெரும்பாலும் அடக்கும் பதார்த்தமான காபாவைச் சுரக்கும் இடைநரம்புக்கலங்களில், ஆகவே அவை தூண்டப்பட்டால் கூம்பகக் கலங்கள் அடங்கும்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கி இரண்டு கிழமையில் பலன் இல்லையென்று தாங்களாகவே விட்டுவிடுபவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. புளுவொக்செற்றின் போன்ற மருந்து செரோட்டோனினைக் கூட்டும்போது, அதைச் சுரக்கும், மூளைத்தண்டிலுள்ள ராஃபே கலங்களில் இருக்கும் 1ஏ வாங்கிகளே முதலில் அந்தச் சுரப்புக்குப் பிரேக் போடுகின்றன. அந்தப் பிரேக் தளர நாளெடுப்பது பலன் பிந்துவதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. அதனால் நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள்.