வெலிப் சைக்கிளில் மொன்மார்த் ஏற்றம்: பச்சைக்கு நாலு நட்சத்திரம், நீலத்துக்கு இரண்டு

2026 டூர் து பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் கடைசிக் கட்டம் ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. துவாரி என்ற ஊரில் வெளிக்கிட்டு பாரிஸின் சாம்ஸ் எலிசே வீதியில் முடிகிறது. முடிவதற்கு முதல் மூன்று தரம் மொன்மார்த் மேட்டில் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தின் அடி பிளான்ஷ் சந்தி. எங்கட தமிழ்க்கடைகள் இருக்கிற லாச்சப்பலில் மெத்ரோ எடுத்தால் நாலாவது தரிப்பு. இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிறது வெட்கமாக இருந்தது. அதனால் போன ஞாயிறு விடிய ஆறு மணிக்கு, நகரத்து வாடகைச் சைக்கிளான வெலிப்பையே எடுத்துக்கொண்டு, அந்த ஏற்றத்தை நானே ஓடிப் பார்த்தேன். சைக்கிளுக்கும் ஏற்றத்துக்கும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம்.

நான் யாழ்ப்பாணத்தான். எங்கட ஊரில் ஏற்றம் எண்டால் மதகு ஏறி இறங்கிறதுதான். ரலி சைக்கிளில் பாரில் ஒருத்தன், கரியரில் ஒருத்தன் வைத்து உழக்கினாலும் காற்றுத்தான் எதிரி, மண் எதிரி இல்லை. பாரிஸுக்கு வந்து 26 வருசம். இவ்வளவு காலமும் மொன்மார்த்துக்கு விருந்தாளிகளைக் காட்டத்தான் போயிருக்கிறேன், அதுவும் கேபிள் வண்டியில்.

முதலில் பச்சை. பச்சை எண்டால் மோட்டர் இல்லாதது, நீலம் மின்சாரம். பச்சையில் மூன்று கியர், முன்னுக்குக் கூடை, தடித்த டயர். நிறை கிட்டத்தட்ட 20 கிலோ. போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம், போட்டிக்காரர்களும் அந்த எல்லைக்குக் கிட்டத்தான் நிற்பார்கள். அப்ப நான் ஒரு சைக்கிளுக்கு மேல் இன்னும் இரண்டு சைக்கிளைச் சுமந்துகொண்டு ஏறுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் பார்த்தால் இது ஒரு ஏற்றமே இல்லை. 1.1 கிலோமீட்டர், சராசரி 5.9 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் 65 மீற்றர் உயரம். போன வருசம் இந்தக் கட்டத்தை ஏற்பாட்டாளர்களே ‘தட்டை’ என்ற பட்டியலில்தான் போட்டிருந்தார்கள். ஆனால் லெப்பிக் வீதிக்குள் திரும்பின உடனே கல்லுப் பதித்த ரோட்டு. வேகம் எடுக்க முதலே கல்லு கையைப் பிடித்து உலுக்கும். அடியில் இரண்டு பக்கமும் இறைச்சிக்கடை, சீஸ்கடை, பழக்கடை. கடைக்காரர் ஒருவர் பெட்டி இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அபெஸ் வீதிச் சந்தியில் ரோட்டு இடப்பக்கம் மடங்குகிறது. மடங்கின பிறகுதான் விசயம். வளைவு முடியும் என்று நினைத்தால் முடியாது, அதே வளைவு மேலே மேலே போகும். 54ஆம் இலக்க வீட்டில் ஒரு காலம் வான்கோ தம்பியோடு இருந்தவராம். அந்த வாசலில்தான் நான் முதலாம் கியருக்கு இறங்கினேன். மேலே காற்றாலை தெரிந்தபோது மூச்சு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நிமிசம் நாற்பது செக்கன். இறங்கி உருட்டவில்லை, அது முக்கியம்.

கியர் பற்றிக் கதைக்கையில் ஒன்று. 1898 டிசம்பர் 24 இரவு, பிறகு ரெனோ கார்க் கம்பெனியைத் தொடங்கின லூயி ரெனோ தான் செய்த சின்னக் காரை இதே லெப்பிக் வீதியில் ஏற்றிக் காட்டினார். அந்த இரவே 12 கார்களுக்கு ஓடர் கிடைத்ததாம். கியர்ப்பெட்டி நல்லதா கெட்டதா என்று பார்க்க இந்த வீதிக்கு வருகிற பழக்கம் நான் தொடங்கினது இல்லை.

இரண்டாம் தரம் நீலம். மகன் கூடவே வந்தவன், அவன்தான் எடுத்துத் தந்தான். மிதிச்சவுடன் யாரோ பின்னால் தள்ளுகிற மாதிரி. நாலு நிமிசத்துக்குள் மேலே. சட்டைகூட நனையவில்லை. வேலைக்குப் போக நீலத்துக்கு அஞ்சு நட்சத்திரமும் கொடுப்பேன். ஆனால் கட்டம் பார்க்க வந்தவனுக்கு இது பொய் சொல்லும். எங்கே சாய்வு கூடுகிறது, எங்கே கொஞ்சம் ஆறலாம், ஒன்றும் காலுக்குத் தெரியாது. “அப்பா, நீங்கள் இப்ப நல்லா ஓடினனீங்கள்” என்று மகன் சொன்னான். நக்கல்தான்.

மூன்றாம் தரம் திரும்பப் பச்சை. அப்பதான் 2025 விளங்கினது. ஒரு தரம் ஏறுகிறது வேறு, ஏறி இறங்கி, திரும்ப அதே இறைச்சிக்கடைக்கு முன்னால் வந்து நிற்கிறது வேறு. போன வருசம் மழை, கல்லு வழுக்கல். மொத்த நேரக் கணக்கை முடிவுக்கு 50 கிலோமீட்டர் இருக்கையிலேயே நிறுத்திவிட்டார்கள். முன்னுக்கு நின்ற பொகாச்சருக்கு மஞ்சள் சட்டை, அதாவது மொத்த வெற்றி, உறுதி. அப்படியிருந்தும் அவர் சும்மா வரவில்லை, ஒவ்வொரு தரமும் இழுத்தார். மூன்றாம் ஏற்றத்தில் வௌட் வான் ஆர்ட் அவரையே கழற்றிவிட்டுத் தனியப் போய் சாம்ஸ் எலிசேயில் வென்றார். பொகாச்சர் நாலாவது. அந்த ஏற்றத்துக்கும் கோட்டுக்கும் இடையில் அப்ப ஆறு கிலோமீட்டர்தான்.

இம்முறை அந்தத் தூரத்தை ஏறக்குறைய 15 கிலோமீட்டராக நீட்டிவிட்டார்கள். ஸ்பிரிண்ட் ஓடுகிறவர்களுக்கும் ஒரு வழி விடத்தான். என் காலைக் கேட்டால், மேட்டில் இருபது செக்கன் முன்னுக்குப் போன ஒருத்தன் 15 கிலோமீட்டர் தட்டையில் தனியக் காப்பாற்றுகிறது கடினம். மூன்று நாலு பேர் சேர்ந்து போனால் பிடிக்கேலாது. அதோடு முந்தின நாள் கலிபியே, அல்ப் துயெஸ் என்ற பெரிய மலைகளை ஏறிவிட்டு வருகிற கால்கள் அவை. ஸ்பிரிண்ட் குழுக்களில் இழுக்க எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பச்சைக்கு ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன்? மூன்று கியருக்கும் இடையில் இடைவெளி பெரிசு. முதலாவதில் கால் சும்மா சுற்றும், இரண்டாவதில் முழங்கால் கதறும். நகரத்துக்கு அது காணும், லெப்பிக்குக்குக் காணாது. தடித்த டயருக்காக அரை நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், கல்லில் ஒருக்காவும் வழுக்கவில்லை.

மற்றது, சைக்கிளை மேலே கொண்டுபோய் விடுகிறவனை ஒரு காலம் நகரம் மதித்தது. சனம் எல்லாம் இறக்கத்துக்குச் சைக்கிள் எடுக்கும், ஏற்றத்துக்கு எடுக்காது என்று, அந்தக் காலத்து வெலிப்பில் மேட்டு நிலையங்களில் விட்டால் 15 நிமிசம் கூடத் தந்தார்கள்.

26ஆம் திகதி போகிறவர்களுக்கு: உச்சிக்குப் போகாதீர்கள், அங்கே கோயில் தேருக்கு நிற்கிற மாதிரிச் சனம் நிற்கும். அபெஸ் வளைவில் நில்லுங்கள். மூன்று தரமும் முகங்களைக் கிட்டப் பார்க்கலாம். நான் லாச்சப்பலில் ரோல்ஸ் கட்டிக்கொண்டு காலமையே போய்விடுவேன், நடந்து.