வேலையில்லாத மாதங்கள்: குரூப் 4, தட்டச்சு, கைத்தொழில், அப்ரண்டிஸ் – எதில் என்ன மிஞ்சும்?

வேலை போன மறுவாரமே வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்பா, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுது என்றார். சித்தப்பா, கைத்தொழில் ஒன்றைப் பழகிக்கொள் என்றார். தங்கை கைபேசியில் இணையப் படிப்புகளின் நீண்ட பட்டியலைக் காட்டினாள். மதுரையில் பதினான்கு மாதம் அப்படிக் கழிந்தது. சிலவற்றை நானே செய்து பார்த்தேன். மற்றவற்றைக் கூட இருந்தவர்கள் செய்யக் கண்டேன். எதில் வேலை கிடைக்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கிடைக்காமல் போனால் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டால் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

குரூப் 4-ஐ முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் வேலையில்லாதவர்களில் மிகப் பலர் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். கேள்விகளில் பாதி தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியை மதிப்பிடவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தரம், நேர்முகத் தேர்வு கிடையாது. ஆங்கிலத்துக்கும் சிபாரிசுக்கும் அஞ்சுகிறவர்களுக்கு இவ்வளவு நேரான வாசல் வேறு இல்லை. ஆனால் வாசலில் கூட்டம்: 2025 அறிவிக்கையில் 3,935 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம். ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் போகிறோம்? கல்யாண வீட்டில் "தம்பி, இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்டால், "குரூப் 4-க்குப் படிக்கிறேன்" என்பது கௌரவமான பதில். அது ஒரு குடை. மழை விட்ட பிறகும் அதை மடக்க மனம் வராது. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்குப் பல பதவிகளில் உச்ச வயது வரம்பும் இல்லை. சலுகை நல்லதுதான், ஆனால் போதும் என்று சொல்ல வெளியே எந்தக் கடிகாரமும் இல்லாமல் போகிறது. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அது ஐந்தாவது முயற்சி. மிகக் கெட்டிக்காரர். ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தைப் பக்க எண்ணோடு சொல்வார். அந்தத் திறமைக்குச் சம்பளம் தர யாரும் இல்லை.

ஒன்றை மறுக்க மாட்டேன். காலையில் குளித்து, சாப்பாட்டுப் பையோடு கிளம்ப ஓர் இடம் இருந்தது. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் திறந்த பிறகு அந்த இடம் குளிர்ச்சியாகவும் ஆனது. வேலை இல்லாதவனுக்குப் பாடத்தைவிட இதுதான் பெரிய உதவி என்று சில நாட்கள் தோன்றியிருக்கிறது.

தட்டச்சை யாரும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை. தெருமுனையில் பெயர்ப்பலகை வெளுத்துப்போன பயிலகம், காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம், மாதம் சில நூறு ரூபாய்க் கட்டணம். பக்கத்து இயந்திரத்தில் ப்ளஸ் டூ மாணவி. அவள் என்னைவிட வேகம். முதல் மாதம் சுண்டுவிரல் வலித்ததுதான் மிச்சம். லோயர் என்னும் கீழ்நிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், ஹையர் என்னும் மேல்நிலைத் தேர்வுக்கு 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு நடத்துகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு கெடு என்பது குரூப் 4 தராத ஒழுங்கு. குரூப் 4-இன் தட்டச்சர் பதவிக்கே இந்தச் சான்றிதழ்தான் கேட்கிறார்கள்; தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவருக்கு முதல் முன்னுரிமை. 14 லட்சம் பேரில் எத்தனை பேர் அந்தச் சுண்டுவிரல் வலியைப் பட்டிருப்பார்கள்? இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைத்ததே என் பிழை. ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போக, மற்றதற்குப் பகல் முழுவதும் இருக்கிறது.

சித்தப்பா சொன்ன கைத்தொழிலுக்கு மாவட்டந்தோறும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின் வழியில் வங்கிகள் நடத்துபவை. கைபேசி பழுது பார்த்தல், தையல், ஆடு வளர்ப்பு எனப் பலவும் உண்டு. பெரும்பாலும் 10 முதல் 45 நாள். தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து இலவசம். நாள் கணக்கில் பார்த்தால் இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது. ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள் கடை வாடகையும் முதலீடும் எதிரே நிற்கும். வீட்டுத் திண்ணையையே கடையாக்க முடிந்தவர் தயங்காமல் போகலாம். என் நண்பன் கைபேசிப் பயிற்சி முடித்து, முதலில் அடுத்தவர் கடையில் கூலிக்குச் சேர்ந்தான். அதுவும் தோல்வி இல்லை; கை பழகியது.

அப்ரண்டிஸ் என்பது உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனத்தில் வேலை பழகுவது. பட்டயம், பட்டம் முடித்தவர்களுக்கும் உள்ள வழி: பொதுவாக ஓராண்டு. 2019 விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாயை வைத்தன. வேலையில் எடுத்தே தீர வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. அதை முதல் நாளே மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனாலும் தற்குறிப்பில் ஓராண்டு வெற்றிடம் விழாது. படித்து முடித்த கையோடு இருப்பவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். முப்பதை நெருங்கியவருக்குச் சொல்ல மாட்டேன்.

தங்கையின் பட்டியலில், ஐஐடிகள் நடத்தும் இணையப் படிப்பான என்பிடெல் மட்டும் தேறியது. படிப்பது இலவசம், மதிப்பெண்ணில் 75 விழுக்காடு, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. அதனால்தான் அந்தச் சான்றிதழுக்குக் கொஞ்சம் மரியாதை. மற்ற பலவும் பொத்தானை அழுத்தினால் அச்சாகும் காகிதங்கள்.

எனக்கு வேலை கிடைத்தது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு பத்திர எழுத்தரிடம். நேர்காணல் என்று எதுவும் இல்லை. பழைய கிரயப் பத்திரம் ஒன்றை நீட்டி அடிக்கச் சொன்னார், விரலைப் பார்த்தார். அடுத்த குரூப் 4 எப்போது என்று அப்பா இன்னும் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.