சித்தப்பாவின் ஹெரால்டும் மேல்விஷாரத்துக் குஷன் கடையும்

"அது தோல் சீட்டும்மா. கம்பெனியிலயே தோல் போட்டுத்தான் வந்துச்சு." இருபது வருடமாக ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சித்தப்பா வாயிலிருந்து இதைக் கேட்கிறேன். ஆற்காட்டில் தாத்தா வீட்டுக்குப் பின்னால், முன்பு மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில், தகரக் கூரைக்கு அடியில் நிற்கிறது அந்த வண்டி. 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு. மதராசுக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் செய்தது. 948 சிசி எஞ்சின் இன்றும் நாலு உதறு உதறிவிட்டுக் கிளம்பிவிடும். உள்ளே உட்கார்ந்தால்தான் பிரச்சினை. கிழிந்த ரெக்சின், பல்லிளிக்கும் ஸ்பிரிங், எலி குடித்தனம் நடத்திய பின்சீட்டு.

இந்தப் பொங்கலுக்கு மூன்று வாரம் விடுப்பில் வந்திருந்தேன். வந்த மறுநாளே சித்தப்பா விஷயத்துக்கு வந்துவிட்டார். வண்டிக்கு 'விஏ' நம்பர் வாங்க வேண்டுமாம். 2021ல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டியைப் பழங்கால வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "அதனால தோல் சீட்டைத் திரும்பப் போட்டுரலாம். நம்ம ஜில்லால தோலுக்கா பஞ்சம்?" என்றார்.

தோலுக்குப் பஞ்சமில்லைதான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் தள்ளியும் எங்கு போனாலும் தோல் ஷாப்புதான், அதாவது தோல் பதனிடும் ஆலை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நான் இருப்பது இங்கிலாந்தில், கவென்ட்ரியில். ஹெரால்டின் தாய்வீடு அது. ஹெரால்டை முதலில் செய்த டிரையம்ப் கம்பெனியின் ஆலை இருந்த கேன்லி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். அங்கே பழைய ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு பேரோடு பழக்கம். 1959ல் வந்த அந்தக் காரில் சாதாரண ரகத்துக்கு ரெக்சின் மாதிரியான துணிதான், தோல் வேண்டுமென்றால் கூடுதல் காசு என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆற்காட்டில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் தாத்தா கூடுதல் காசு கொடுத்திருப்பாரா? ரயிலில் டீ வாங்கவே யோசிக்கிற மனுஷர்.

முதலில் போனது வேலூர் டவுனில் ஒரு சீட் கவர் கடைக்கு. பளபளவென்று கண்ணாடிக் கதவு, ஏசி, பெரிய ஆல்பம். "நாலு மணி நேரத்துல முடிச்சுடலாம் சார்" என்று தம்பிப்பையனிடம் சொன்னார்கள், என்னிடம் அல்ல. கேள்வி கேட்டது நான், பதில் முழுக்க என் சித்தப்பா மகனுக்கு. அதைக்கூட விட்டுவிடலாம். நாங்கள் எதிரே டீ குடித்துவிட்டு வருவதற்குள், யாரும் சொல்லாமலேயே இடதுபக்க முன்கதவின் டோர் பேடை (கதவின் உட்பக்கத்தை மூடும் உறை போட்ட அட்டை) பிடுங்கி, அட்டையை இரண்டாக உடைத்துக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார்கள். "பழசு மேடம், ஊறிப்போயிருக்கு." கூடைக்குள் கை விட்டு இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பச் சொன்னேன்.

பழைய கார் வைத்திருந்து ஊரில் வேலை கொடுக்க நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கழற்றுகிற எதையும் தூக்கிப் போடக்கூடாது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கிழிந்த தோலும் ஊறிய அட்டையும்தான் உங்கள் சாட்சி.

இன்னொரு யோசனையும் வந்தது, அது இங்கிலாந்திலிருந்து. அங்கே டோர் பேட் புதிதாகவே செய்து விற்கிறார்கள், ஒரு செட் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போயேன் என்றார் நண்பர். நல்லவேளை, வாங்கவில்லை. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு, அதனால் கதவு நீளம் அதிகம். நாலு கதவு நம்ம ஊருக்கென்று செய்தது. பின்கதவின் பேட் கவென்ட்ரியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அங்கே எஸ், 1200, 12/50, 13/60 என்று ரகம் பிரித்து, பானட்டைத் தூக்கினால் தகட்டிலேயே பெயின்ட்டுக்கு ஒரு நம்பர், உள் அலங்காரத்துக்கு ஒரு நம்பர் அடித்திருப்பார்கள். உள் அலங்காரம் 11 என்றால் கருப்பு, 12 என்றால் சிவப்பு. சண்டையே இல்லை. எங்கள் வண்டித் தகட்டில் சேசிஸ் நம்பரைத் தவிர மிச்சமெல்லாம் துரு தின்றுவிட்டது. நம்ம ஊரில் எந்தப் பழைய வண்டியை விற்றாலும் 'டீலக்ஸ்' என்று ஒரு வால் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வாலை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாம் நாள் மேல்விஷாரம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தையல் மிஷின், ஒரு பெஞ்சு, வாசலில் லாரி சீட்டு இரண்டு. கடை அவ்வளவுதான். பாய்க்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்து, "இன்னாம்மா வேணும், புதுசா வேணுமா, பழசு மாதிரி வேணுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பழசு எது என்றே தெரியவில்லை பாய் என்றேன். சிரித்தார். "அப்ப இன்னைக்கு தைக்கிறதில்ல. பிரிக்கிறது மட்டும்தான்."

அன்று முழுக்கப் பிரித்தார். எனக்கு அந்தப் பயணத்திலேயே உருப்படியான நாள் அதுதான். பின்சீட்டில் மேலே வெல்வெட் உறை. அதற்குக் கீழே கருப்பு ரெக்சின், ஃபோம். அதற்கும் கீழே காப்பிப்பொடி நிறத்தில் இன்னொரு ரெக்சின், தேங்காய் நார். "இது மூணும் பின்னாடி போட்டது" என்றார். எப்படி என்று கேட்டேன். சீட்டைக் கவிழ்த்துக் காட்டினார். உறையின் ஓரத்தை ஃபிரேம் குழாயில் சின்னச் சின்ன இரும்புக் கிளிப்பால் கடித்துப் பிடித்திருப்பார்கள். மேலே உறை மாற்றுகிறவர்கள் அவசரத்தில் பழையதைக் கத்தியால் அறுத்து எடுப்பார்களே தவிர, கிளிப்பைக் கழற்றமாட்டார்கள். கிளிப்பின் வாயில் அறுபட்ட ஓரம் மாட்டிக்கொண்டு நிற்கும். நாலைந்து கிளிப்பை இடுக்கியால் நெம்பியதும் அரை அங்குல அகலத்தில் துணுக்குகள் விழுந்தன. வெயில் படாத குங்குமச் சிவப்பு. பின்பக்கம் வெள்ளைத் துணி நெசவு. ரெக்சினேதான்.

(ரெக்சின் என்பது மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர். நம்ம ஊரில் அந்தத் துணிக்கே பெயராகிவிட்டது. பாயிடம் சொன்னேன். "அப்படியா, நான் உருது வார்த்தைன்னு நெனச்சேன்" என்றார்.)

குப்பையிலிருந்து நான் மீட்ட அட்டையும் பேசியது. கதவுக் கைப்பிடிக்கு அடியில் வட்டமான வில்லை ஒன்று இருக்குமே, அது மறைத்திருந்த இடத்தில் மட்டும் அதே சிவப்பு. மற்ற இடமெல்லாம் யாரோ கருப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். சீட்டுச் சாய்மானத்தில் மடிப்பு எத்தனை என்பதற்கு வீட்டு ஆல்பம் கை கொடுத்தது. 1971ல் அத்தை கல்யாணத்தில் இந்த வண்டியின் கதவு திறந்திருக்க எடுத்த ஒரு கருப்புவெள்ளைப் படம். நிறம் தெரியாது, ஆனால் ஓரத் தையலை ஒட்டி வரும் பைப்பிங் வெளுப்பாக இருப்பதும் சாய்மானத்தில் ஏழு மடிப்பு இருப்பதும் தெளிவு. பாய் லென்ஸ் வைத்து எண்ணினார், நானும் எண்ணினேன். ஏழு.

பிறகு டிரைவர் சீட்டைப் பிரித்தார். இரண்டு உறைக்குக் கீழே நிஜமாகவே தோல்! சித்தப்பா பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "பாத்தியா, நான் சொல்லல?"

பாய் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் பிளேடால் மயிரிழை அளவு நறுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். குரோம் போட்டுப் பதனிட்ட தோலென்றால் வெட்டுமுகத்தில் நீலமும் சாம்பலும் கலந்து தெரியும். இது உள்ளே வரை பழுப்பு. "பட்டை போட்ட தோலு" என்றார். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை ஊறலில் பதனிடுவது இந்தப் பக்கத்துப் பழைய முறை. அடுத்து மடிப்புகளை விரித்தார். உட்காருமிடத்தின் நடுவிலேயே ஒட்டு, ஓரத்தில் இன்னும் இரண்டு ஒட்டு. "ஆட்டுத் தோலும்மா. ஒரு தோலு நாலஞ்சு சதுர அடி தேறும். ஒட்டுப் போடாம சீட்டு வராது. கம்பெனிக்காரன் மாட்டுத் தோல்ல ஒரே துண்டா வெட்டுவான், இப்படி ஒட்டுப் போடமாட்டான்." தோலுக்கு அடியில் இருந்த கிளிப்பிலும் அதே சிவப்புத் துணுக்கு.

இரவு அத்தைக்குப் போன் போட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தாத்தா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதியபோது, ஒரு தீபாவளிக்குப் போனசோடு கழிவுத் தோல் கொஞ்சம் கொடுத்தார்களாம். செருப்பு தைக்கக் கொடுப்பதற்குப் பதில் சீட்டுக்குப் போட்டுக்கொண்டார். முதுகு வலிக்கு இதமாக இருக்கிறது என்பாராம். மற்ற சீட்டுக்குத் தோல் பத்தவில்லை.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

வேலை ஒன்பது நாள் எடுத்தது. நடுவில் பொங்கல் மூன்று நாள் போனது. சிவப்பு ரெக்சின் சரியான சாயலில் வேலூரில் கிடைக்காமல் சென்னை வரை ஆள் அனுப்பினார்கள். கூலியும் சாமானுமாக 31,000 ரூபாய் ஆனது. கவென்ட்ரியில் முன்சீட்டு இரண்டுக்கு இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். தையல் நேராக இருக்கிறது, மடிப்பு ஏழு. குறை என்றால் இரண்டுதான்: கூரையின் உட்பக்கத்து டாப் லைனிங் கை வைக்காமல் நிற்கிறது, வெயில் காலத்தில் பசை சரியாகப் பிடிக்காது, ஆடிக்குப் பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார் பாய். வெள்ளைப் பைப்பிங் கொஞ்சம் தடிமனாகிவிட்டது, நான் திரும்பிப் போனதும் மெல்லியது வாங்கி அனுப்புவதாக ஒப்பந்தம். பழைய துணுக்குகளையும் உடைந்த அட்டையையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறோம். நம்பர் விஷயத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் சித்தப்பா இன்னும் போகவில்லை.

டிரைவர் சீட்டை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோலுக்கு எண்ணெய் போட்டு, விட்டுப்போன இரண்டு தையலை மட்டும் போட்டுக் கொடுத்தார் பாய். மற்ற மூன்று இடமும் சிவப்பு, அது மட்டும் பழுப்பு.

கிளம்புகிற அன்று காலை வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரை வண்டியில் உட்கார வைத்து சித்தப்பா விளக்கிக்கொண்டிருந்தார்: "இந்த ஒரு சீட்டு மட்டும்தாங்க கம்பெனி ஒரிஜினல். மத்ததெல்லாம் எங்க அண்ணன் பொண்ணு வந்து மாத்திட்டா."