விமான டைட்டானியம் என்று விற்கப்பட்ட பெயிண்ட் நிறமிப் பங்கு: ஓர் எச்சரிக்கை

விமானத் துறையின் வளர்ச்சியைக் காட்டி டைட்டானியப் பங்குகளைப் பரிந்துரைக்கும் ஒரு டெலிகிராம் குழுவுக்குச் சந்தா கட்டி நான் பெற்ற ‘ஆய்வறிக்கை’, இப்போது அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வேறு குழுக்களிலும் விற்கப்படுவதால் இதை எழுதுகிறேன்.

அறிக்கையின் முதல் பாதியில் பொய்யே இல்லை. அதுதான் அவர்களின் சாமர்த்தியம். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் டைட்டானியம் என்பதும், உக்ரைன் போர் தொடங்கியபின் 2022 மார்ச்சில் ரஷ்யாவிடமிருந்து அந்த உலோகத்தை வாங்குவதை போயிங் நிறுத்தியது என்பதும் எல்லோரும் அறிந்த செய்திகள். இவற்றை அடுக்கி நம்பிக்கையை வளர்த்த பிறகு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தை ‘நாட்டின் அடுத்த விமான டைட்டானிய உற்பத்தியாளர்’ என்று அறிமுகப்படுத்தி, ஓராண்டில் பணம் இரட்டிப்பாவது உறுதி என்று முடித்திருந்தார்கள்.

நான் வாங்கிய பிறகு சில வாரங்கள் விலை ஏறியது. அதன்பின் நாள்தோறும் லோயர் சர்க்யூட்தான், அதாவது ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வீழ்ச்சி. எஸ்எம்இ பங்குகளை லாட் கணக்கில், அதாவது நிர்ணயித்த எண்ணிக்கையில் மொத்தமாகத்தான் விற்க முடியும் என்பதோடு, வாங்குவதற்கும் ஆள் இல்லாததால், வெளியே வருவதற்குள் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்தால், வருவாயில் பெரும்பகுதி டைட்டானியம் டை ஆக்சைடை வாங்கி பெயிண்ட், பிளாஸ்டிக் ஆலைகளுக்கு விற்பதால் வருகிறது. உலகில் தோண்டப்படும் டைட்டானியக் கனிமத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த வெள்ளை நிறமிக்குத்தான் போகிறது. இந்த வியாபாரம் கட்டுமானத் தொழிலை ஒட்டி ஏறி இறங்குமே தவிர, விமான ஆர்டர்களால் அதற்கு ஒரு பைசா ஆதாயமும் இல்லை. உலோகம் வேண்டுமானால், கனிமத்தை டெட்ராகுளோரைடாக மாற்றி, மக்னீசியத்தைக் கொண்டு அதை ஸ்பாஞ்ச் என்னும் நுண்துளை உலோகமாக்கி, வெற்றிட உலையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை உருக்கி, அதன் பிறகும் விமான நிறுவனங்களின் தர ஒப்புதலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாடகைக் கிடங்கு ஒன்றை மட்டும் வைத்திருக்கும் வியாபாரி இதில் எந்தப் படியில் இருக்கிறார் என்று அறிக்கை மூச்சுவிடவில்லை.

உள்ளபடியே டைட்டானியத்தில் மட்டும் முதலிட விரும்புகிறவருக்கு இங்கே வழி மிகக் குறைவு என்பதைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கொல்லம் மாவட்டத்துச் சவறாவில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஸ்பாஞ்ச் ஆலையை வைத்திருக்கும் கேஎம்எம்எல், கேரள அரசின் நிறுவனம். அதன் பங்கு சந்தையில் கிடைக்காது. 2018இல் பட்டியலிடப்பட்ட, மத்திய அரசு நிறுவனமான ஹைதராபாத் மிதானி டைட்டானியக் கலப்புலோகம் செய்கிறது என்றாலும், சிறப்பு எஃகும் கடும் வெப்பம் தாங்கும் சூப்பர் அலாயும் அதன் தொழிலில் பெரும் இடம் பிடிக்கின்றன. அமெரிக்காவின் டைட்டானிய நிறுவனமான டைமெட்டும் பெர்க்ஷயர் ஹாத்வே என்ற பெருங்குழுமத்துக்குள் போய்விட்டதால் தனிப்பங்காகக் கிடைப்பதில்லை. இந்த மூன்று பெயர்களில் ஒன்றுகூட அந்த அறிக்கையில் இல்லை.

அறிக்கையின் அடியில் அச்சிட்டிருந்த, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவெண்ணை அதன் இணையதளத்தில் தேடியபோது, அது இக்குழுவோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு ஆலோசகருக்கு உரியது என்று தெரிந்தது. சந்தாவோ ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்குப் போயிருக்கிறது. பதிவு பெற்ற ஆலோசகர் எவரும் லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது என்பது செபியின் விதி. ‘இரட்டிப்பாவது உறுதி’ என்ற அந்த ஒரு வரியே அவர்களைக் காட்டிக்கொடுக்கப் போதும். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களைக் குழுவிலிருந்து நீக்கியதோடு, பழைய பரிந்துரைகளையும் அழித்துவிட்டார்கள்.

பதிவு பெறாதவர்கள் மீதான புகாரை செபியின் ஸ்கோர்ஸ் என்னும் புகார்த் தளம் எடுத்துக்கொள்வதில்லை என்பதால், சைபர் குற்றப் பிரிவின் 1930 எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே அறிக்கையை வாங்கியவர்கள், உரையாடல்கள் அழிக்கப்படும் முன்பே அவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து, யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.