அமெரிக்க ஸ்பொன்சர் பைலை "முன்னுக்கு எடுத்துத் தாறம்" என்றவரிடம் நான் விட்ட நாலேகால் லட்சம்

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. புறக்கோட்டையில் இருபது வருடமாகக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். ஐந்து ரூபாய் உதைத்தாலும் இரவு இருந்து தேடிப் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு ஏசி அறைக்குள் இருந்து என் வீட்டுக் காசை நானே எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. போன கிழமை தெரிந்த ஒருவர் அதே ஆளிடம் போகப் போவதாகச் சொன்னார். அதனால் வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரும் கட்டடமும் போடவில்லை. காலி வீதி, வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவில் என்பது வரைக்கும் சொல்லலாம்.

அக்கா நியூ ஜேர்சியில் இருக்கிறார். 2008 இல் சிட்டிசன் எடுத்தார். 2009 மார்ச் 12 இல் எனக்காக ஐ-130 என்ற, சொந்தக்காரரைக் கூப்பிடுகிற மனுவைப் போட்டார். அப்போது மகளுக்கு மூன்று வயது, மகன் பிறக்கவே இல்லை. 2012 ஓகஸ்டில் மனு அங்கீகரிக்கப்பட்டு விட்டதாகக் கடிதம் வந்தது. அன்றைக்கு வீட்டில் பாயாசம். அடுத்த வருடம் பெட்டி கட்டலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்தக் கடிதத்துக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவர் இவருடைய சகோதரர் என்பதை அமெரிக்கா ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் வரிசை. சகோதர வகைக்கு, அவர்கள் எஃப் 4 என்று சொல்வது, உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65,000 விசா. மனைவி, பிள்ளைகளும் இந்த எண்ணிக்கைக்குள்தான் அடக்கம். மனுப் போட்ட நாள்தான் வரிசையில் நமது இடம். நமக்கு முன்னால் நிற்கிறவர்கள் முடிந்தால்தான் நாம்.

பதினைந்து வருடம் காத்திருந்து பாருங்கள், மனிதன் என்ன ஆவான் என்று தெரியும். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் "இன்னும் சரிவரேல்லையோ?" என்று ஒரு மாமி கேட்பார். நமக்குப் பிறகு கனடாவுக்குப் போட்டவர்கள் அங்கே வீடு வாங்கி வருடா வருடம் வந்து போகிறார்கள். எங்கேயோ ஏதோ பிழை நடந்திருக்கிறது, நம்முடைய பைல் ஏதோ ஒரு மேசைக்குக் கீழே கிடக்கிறது என்று தோன்ற ஆரம்பிக்கும். அந்த ஆளின் முதலீடே இந்த நினைப்புத்தான்.

2024 ஜூனில் மனைவியின் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அந்த ஆளிடம் போனேன். சுவரில் சட்டம் போட்ட லைசென்ஸ். எனக்கு அதைப் பார்த்ததும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பிறகுதான் கிட்டப் போய் வாசித்தேன், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான அனுமதி அது. குடியேற்ற மனுவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அமெரிக்காவில் இந்த விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு சட்ட ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கோ, அந்நாட்டு நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதிக்கோதான் உரிமை உண்டு.

"இருங்கோ அண்ணா" என்று கதிரையை இழுத்துப் போட்டார். கணினியைத் திருப்பி ஒரு அட்டவணையைக் காட்டினார். போலி இல்லை, எந்த வகைக்கு எந்தத் திகதி மட்டும் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் மாதா மாதம் போடுகிற உண்மையான விசா புலட்டின். "பாருங்கோ, 2021 வந்திட்டுது. உங்கட 2009. பன்னிரண்டு வருசம் பிந்திக் கிடக்கு. பைல் எங்கேயோ மாட்டுப்பட்டிட்டுது அண்ணா."

எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் விரல் வைத்தது எஃப் 2ஏ என்ற வரியில். கிரீன் கார்ட் உள்ளவர்களின் மனைவி, கணவன், சிறு பிள்ளைகளுக்கானது அது. இரண்டு மூன்று வரி கீழே எஃப் 4 இருந்தது. அதில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது 2007. அதாவது என் பைல் எங்கும் மாட்டுப்படவில்லை, ஒழுங்காக வரிசையில் நின்றது. ஒரு வரி தள்ளிப் படித்தால் லாபம் நட்டமாகும் என்று பெடியன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். அன்றைக்கு அவர் விரலைத்தான் பார்த்தேன், வரியின் பெயரைப் பார்க்கவில்லை.

"நேஷனல் விசா சென்டரில எங்களுக்கு ஆள் இருக்கு, பதினாலு மாதத்தில இன்டர்வியூ" என்றார். அங்கீகரித்த பைல்களை முறை வரும்வரை வைத்திருக்கிற அமெரிக்க அலுவலகம் அது. ஒன்றரை லட்சம், பைல் எடுக்கும் செலவு. கொடுத்தேன். பற்றுச்சீட்டில் "ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படாது" என்று இருந்தது. அதையும் வாசித்துவிட்டுத்தான் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

ஒரு மாதம் போனது. மகன் மனுப் போட்ட பிறகு பிறந்தவன் என்பதால் அவனைத் தனியாகச் சேர்க்க வேண்டுமாம், தொண்ணூறாயிரம். அது பொய். மனுப் போட்ட பிறகு பிறந்த பிள்ளையும் தகப்பனின் இடத்திலேயே, அதே திகதியிலேயே வருவான். முறை வரும்போது அவனுக்கும் டிஎஸ்-260 விண்ணப்பம் நிரப்பி, பிறப்புச் சான்றிதழ் கொடுத்தால் சரி. முன்கூட்டிச் சேர்க்க ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவைதான் எங்களை உண்மையாகவே முறித்தது. "மகளுக்கு 2026 இல 21 ஆகுது. ஆனவுடனே பிள்ளை எண்ட கணக்கில இருந்து கழண்டிடுவா. அத்தைக்காரி மருமகளுக்கு வேற பைல் போடலாம், ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம்." மனைவி அழுதுவிட்டார். சீட்டெடுத்துக் கொடுத்தோம். அத்தை மருமகளுக்கு மனுப் போட அமெரிக்கச் சட்டத்தில் வழியே கிடையாது. கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர், சகோதரம், இதோடு முடிந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "அவவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, இரண்டு பக்கமும் கேட்டால் பைல் குழம்பிடும்" என்று அவர் சொல்லியிருந்தார். நானும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அந்த ஒரு வசனத்துக்கே எழும்பி வந்திருக்க வேண்டும்.

காசை விடுங்கள். மகள் ஏஎல் நன்றாகச் செய்து, மட்டக்களப்பில் கம்பஸ் கிடைத்தது. 2025 ஓகஸ்டில் இன்டர்வியூ என்றிருக்கும்போது எதற்கு அங்கே போய்ப் பதிய வேண்டும் என்று நான்தான் மறித்தேன். பதிகிற திகதி போனது, இடமும் போனது. இப்போது வெள்ளவத்தையில் தனியார் வகுப்பு ஒன்றுக்குக் காசு கட்டிப் படிக்கிறாள். அவள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எப்படி வெளியில் வந்தது என்றால், ஓகஸ்டும் வந்து போன பிறகு "கேஸ் இலக்கம் வந்திட்டுது, இனி விசாக் கட்டணம் ஆறு லட்சம்" என்று ஒரு கடிதத்தைக் காட்டினார். விசா சென்டர் இருக்கிற போர்ட்ஸ்மத், நியூ ஹாம்ப்ஷயர் என்று முகவரியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆறு லட்சம் கையில் இல்லாததால் அக்காவிடம் கடன் கேட்கப் போனேன். கடிதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த இலக்கத்தை எண்ணிப் பார்த்தியா? மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் இருக்க வேணும். இதில ஒன்பதுதான் இருக்கு. மின்னஞ்சல் முடிவைப் பார், டொட் கொம். அரசாங்கம் டொட் கவ் எண்டுதான் முடியும். எத்தனை கொடுத்தாய்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமேடா" என்றார்.

அக்கா அங்கே ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிக் கதைத்தார். நாலேகால் லட்சத்தில் சின்னப் பங்குதான் அந்தக் கட்டணம். விசாக் கட்டணம் ஆளுக்கு 325 டொலர், ஸ்பொன்சர் பத்திரத்துக்கு ஒரு தடவை 120 டொலர், அதுவும் முறை நெருங்கி அவர்களாகக் கேட்கும்போது, அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து இணையத்தில் கட்டுவது. காலி வீதி மாடியில் ரூபாயில் எண்ணிக் கொடுக்க அதில் எதுவும் இல்லை. அவசரம் என்று யார் கேட்டாலும் வரிசைத் திகதி நகராது, காரணம் அந்த எண்ணிக்கை சட்டத்திலேயே இருக்கிறது.

மகள் விஷயத்தில் அந்த வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரமும் ஆறுதலும் ஒன்றாக வந்தது. 2002 இல் வந்த பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. மனு அங்கீகாரத்துக்காகக் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிப்பார்கள். எங்கள் மனு 2009 மார்ச் 12 இலிருந்து 2012 ஓகஸ்ட் 20 வரை கிடந்தது, 1,257 நாள். எண்ணியது நான், மூன்று தடவை. ஆக, 2026 ஜூனில் 21 ஆனாலும், கணக்குப்படி 2029 நவம்பர் மட்டும் அவள் என் பைலுக்குள்தான் இருக்கிறாள். அதற்குள் எங்கள் முறை வர வேண்டும், வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்ப வேலையைத் தொடங்க வேண்டும், அதுவரை அவள் கலியாணம் செய்திருக்கக் கூடாது. "இடையில கலியாணம் செய்தாலும் பிரச்சினை இல்லை அண்ணா" என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். ஒரு நல்ல சம்பந்தம் வேறு வந்திருந்தது. நல்ல காலம், அது தானாகவே தட்டிப் போனது.

இன்னொன்றிலும் தப்பினோம். தொடர்பு மின்னஞ்சலைத் தன்னுடையதாக மாற்ற அக்காவின் கையெழுத்தை வாங்கித் தரச் சொல்லி ஒரு தாள் தந்திருந்தார். நான் சோம்பலில் அனுப்பவில்லை. முறை வந்து விசா சென்டர் அறிவித்த பிறகு ஒரு வருடம் பதில் போடாவிட்டால் பதிவையே ரத்துச் செய்யலாம். அந்த அறிவிப்பு இவருடைய பெட்டிக்குள் போய் விழுந்திருந்தால் இவ்வளவு வருடமும் அதோடு சரி. என் சோம்பலுக்கு முதல் தடவையாக மனைவி நன்றி சொன்னார்.

புலட்டினை நீங்களே பார்க்கலாம், ட்ராவல் டொட் ஸ்டேட் டொட் கவ் என்ற தளத்தில் இலவசம். உங்கள் வரி எது என்று முதலில் பாருங்கள். இந்தியாவுக்கு வேறு பத்தி இருக்கிறது, நாங்கள் அதில் இல்லை, பொதுப் பத்தியில் இருக்கிறோம். அட்டவணையும் இரண்டு உண்டு. விசா கொடுக்கும் திகதி ஒன்றில், பத்திரம் அனுப்பத் தொடங்கும் திகதி மற்றதில். அந்த ஆள் இரண்டையும் வேண்டியபடி மாற்றி மாற்றிக் காட்டுவார்.

நேற்று இரவு அவரே கூப்பிட்டார். பொலிசிலிருந்து ஆள் போயிருக்க வேண்டும். "அண்ணா, ஒரு லட்சம் தாறன், முறைப்பாட்டை எடுங்கோ, ஒண்டும் எழுதவும் வேண்டாம்." நாலேகாலையும் கொண்டுவந்து, பற்றுச்சீட்டில் எதற்கு வாங்கினீர்கள் என்று சரியாக எழுதித் தாருங்கள், பிறகு கதைப்போம் என்றேன். போனை வைத்துவிட்டார்.