மேலே கல்கண்டு, அடியில் பூஞ்சை
ஜூன் மாதம் ஸ்ரீநகர் போனபோது சாலையோரப் பழக்கடை ஒன்றில் மிஸ்ரி ரக செர்ரி ஒரு கிலோ பெட்டி வாங்கினோம், மிஸ்ரி என்றால் கல்கண்டு, பேருக்கேற்ற இனிப்புதான், ஆனால் அறைக்கு வந்து கொட்டிப் பார்த்தால் அடியில் ஏழெட்டுப் பழம் வெடித்து சாம்பல் பஞ்சு போலப் பூஞ்சை. மழையில் தோல் வெடித்தால் போட்ரைட்டிஸ் என்கிற இந்தச் சாம்பல் பூஞ்சை அந்த வழியாக எளிதில் நுழையும், ஒன்று அழுகினால் ஒட்டியிருக்கும் பழத்துக்கும் தாவும். பறித்தவுடன் 0 டிகிரியை ஒட்டிக் குளிர வைத்தால் வேகம் குறையும், அடியோடு நிற்காது. இங்கேயோ பெட்டிகள் வெயிலில்! பளபளப்புக்குத் தண்ணீர் வேறு தெளிக்கிறார்கள். சரி, வாங்கினால் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், காம்பு பச்சையாக இருக்கட்டும், அழுகலைப் பொறுக்கிவிட்டு கழுவாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அதுவும் ருசிக்காக.