எம்ஐடி 18.எஸ்096: குவான்ட் ஆசைக்கு இது மட்டும் போதுமா?

குவான்ட், அதாவது நிதித்துறையில் கணிதத்தை வைத்து வேலை செய்பவர், ஆக விரும்புவோருக்காக: இது எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், நிதித்துறைக்கான கணிதம் பற்றிய 2013ஆம் ஆண்டுப் பாடம். கணித வகுப்புகளுக்கு நடுவே நிதித்துறைக்காரர்களும் வந்து பேசுகிறார்கள். லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு எல்லாம் வெறும் நினைவூட்டல். கல்லூரியில் ஒழுங்காகப் படிக்காதவர் அங்கேயே திணறுவார்.

தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதமான இட்டோ கால்குலஸ்தான் உயிர்ப் பகுதி. பிரௌனியன் இயக்கத்தின் (தொடர்ச்சியான தற்செயல் அசைவின் கணித மாதிரி) வர்க்கத்தை வகையிட்டால் வழக்கமான உறுப்போடு ஒரு ‘டிடி’ (dt, நேரத்தின் சிறு மாற்றம்) கூடுதலாக வரும். டெய்லர் விரிவின் இரண்டாம் உறுப்பு இங்கே மறைவதில்லை என்பதே காரணம். இதைத் தவறவிட்டால், ஆப்ஷன்களுக்கு விலை கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு வெறும் மனப்பாடம்தான்.

குறை: நிகழ்தகவின் கடுமையான கணித அடித்தளமான மெஷர் தியரி மேலோட்டம். அதனால் அதற்கு வழி அமைக்கும் ரியல் அனாலிசிஸைக் கல்லூரியில் எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) எடுத்துவிட்டு இதற்கு வாருங்கள். இன்னோர் எலெக்டிவுக்கு இடம் இருந்தால் நியூமெரிக்கல் அனாலிசிஸ்; நம்பர் தியரியை (அழகுதான்!) பிறகு பார்க்கலாம். வீடியோவோடு நிறுத்தாமல் கணக்குத் தாள்களையும் போட்டுப் பாருங்கள்.